நடுவில் ஒரு சாய்ந்த கண்ணாடி

நேற்று பிளானோவில் காருக்குக் கேஸ் போட நின்றபோது பம்ப்பின் திரை கறுப்பாக இருந்தது. கார்டைச் செருகினேன், ஒன்றும் தெரியவில்லை. மறுபடி செருகினேன், அப்போதும் அதே கறுப்பு. ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இதுவும் ரிப்பேரா என்று முனகியபடி அடுத்த பம்ப்பைப் பார்க்கத் திரும்பியபோது என் தலை கொஞ்சம் சாய்ந்தது. ஓரக்கண்ணில் எழுத்துகள் தெரிந்தன. என் ஊர் ஸிப் கோடு நம்பரைக் கேட்டுவிட்டு அந்தத் திரை பொறுமையாகக் காத்திருந்தது. அது கெட்டுப்போகவே இல்லை. நான் போட்டிருந்த கூலிங் கிளாஸ்தான் அதை மறைத்திருந்தது.

"தலையைச் சாய்ச்சுப் பாருடி, டெஸ்ட்டர். எல்லாத்தையும் விறைப்பா நின்னு பார்த்தா ஃபெயில்னுதான் வரும்."

உன் குரல் அவ்வளவு பக்கத்தில் கேட்டது. கேஸ் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதேன். பக்கத்துப் பம்ப்பில் நின்ற மனிதர், "ஆர் யூ ஓகே, மேம்?" என்றார். "அலர்ஜி" என்றேன். டெக்சஸில் இதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

டிரைவர் சீட்டில் ஹனா உட்கார்ந்திருந்தாள். ஆமாம், உன் ஹனா கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். பெர்மிட்தான் கிடைத்திருக்கிறது என்பதால் பக்கத்தில் நான் உட்கார்ந்தாக வேண்டும், அது சட்டம். அந்தச் சட்டம் மட்டும் இல்லாவிட்டால் என் மகள் இந்தக் கோடையில் என்னோடு ஒரே காரில் ஏறியிருப்பாளா என்பது சந்தேகம்தான். லேன் மாறு, மிரர் பாரு, பிரேக் பிரேக் என்பதைத் தாண்டி மே மாதத்திலிருந்து நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. வீட்டில் நான் கேட்பேன். சாப்பிட்டியா? யெஸ். தொழுதாச்சா? யெஸ். ஏதாவது வேணுமா? நோ. மரியாதையில் ஒரு குறையும் வைப்பதில்லை. கதவைப் படாரென்று சாத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இதற்கெல்லாம் காரணம் நீ. போய்ச் சேர்ந்தவர்கள் மேல் கோபம் வைக்கக் கூடாது என்று என் உம்மா சொல்வார். நீ அப்படிச் சலுகை கேட்கிறவள் இல்லை, அதனால் நேராகவே சொல்கிறேன். உன் மேல் எனக்குக் கோபம். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

காப்பெலில் எங்கள் தெருவுக்கு நீ குடிவந்தது ஒரு ரமலான் மாதம். நியூ ஜெர்ஸியிலிருந்து சாமான் டிரக் வந்து நின்றது. உன் வீட்டுக்காரர் குக்கர் எந்தப் பெட்டியில் என்று தேடிக்கொண்டிருக்க, நீ மட்டும் குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு லேசரைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு டிரைவ்வேயில் நின்றாய். அக்கம்பக்க முறைக்கு நான் ஒரு பாத்திரத்தில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தேன். நீங்கள் சாப்பிடுவீர்களோ மாட்டீர்களோ என்று யோசித்து, கறி போடாமல் தனியாகக் காய்ச்சியது. நீ மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "ஐயோ, கறி போடாம கொண்டுவந்துட்டீங்களே!" என்றாய். கீழக்கரைக்காரி நான், திருச்சிக்காரி நீ. 'நீங்க' போய் 'டி' வர அதிக நாள் ஆகவில்லை.

லேசர் லேபில் உனக்கு வேலை. கண்ணாடிகளை முடி அளவுக்குத் திருகித் திருகி, ஒளியைச் சரியான ஓட்டைக்குள் விடுவது. எனக்குச் சாஃப்ட்வேர் டெஸ்டிங். மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்து பாஸ், ஃபெயில் என்று முத்திரை குத்துவது. நான் வீட்டையும் அப்படித்தான் நடத்துகிறேன் என்று நீ சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, டெஸ்ட்டர்தான்.

என் புதுக் கூலிங் கிளாஸை நீ உடைத்த நாள் நினைவிருக்கிறதா? போலரைஸ்டு கண்ணாடி, ஆசைப்பட்டு வாங்கியது. உன் வீட்டு மேஜையில் வைத்துவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தால் அதன் ஒரு கண் காணோம். உன் பழைய கண்ணாடிகளிலிருந்து ஏற்கெனவே இரண்டு சில்லுகளைக் கழற்றி வைத்திருந்தாய், மூன்றாவதுக்கு என்னுடையது.

"கத்தாதே. இங்க பாரு."

முதல் சில்லைப் பிடித்து டார்ச் அடித்தாய். சுவரில் மங்கலாக வெளிச்சம் விழுந்தது. அது நிமிர்ந்து வரும் ஒளியை மட்டும்தான் விடுமாம். இரண்டாவது சில்லைப் படுக்கைவாட்டில் அதன் முன்னால் பிடித்தாய். அது படுத்து வரும் ஒளியை மட்டும் விடும். சுவர் இருண்டுபோனது. "இப்போ உன்னோடது" என்று என் கண்ணாடியின் சில்லை எடுத்து, இரண்டுக்கும் நடுவில் சாய்வாகச் செருகினாய். சுவரில் வெளிச்சம் வந்தது.

என் தொழில் புத்தி ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தடை போட்டே ஒன்றும் வரவில்லை என்றால், மூன்றாவது தடை போட்டபின் எப்படி வரும்? "இது பக்" என்றேன். எங்கள் தொழிலில் கோளாறுக்கு அதுதான் பெயர்.

"இல்லடி, இதுதான் ஃபீச்சர். இது இப்படித்தான் வேலை செய்யணும்" என்றாய்.

அதிலிருந்துதான் உன் நாடகம் பிறந்தது. தெருப் பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும் என்று உன் கராஜைக் கல்யாண மண்டபம் ஆக்கினாய். பிள்ளைகள்தான் ஃபோட்டான், ஒளியின் பொடிப்பொடித் துணுக்கு. பெரியவர்கள் வாசல் காவலர்கள். முதல் வாசலில் நான். "நிமிர்ந்திருக்கியா?" என்று கேட்பேன். ஃபோட்டானுக்குப் பதில் தெரியாது, அதுவரை அதை யாரும் அப்படிக் கேட்டதில்லை. காசு சுண்டிப் போடும். தலை விழுந்தால் "நிமிர்ந்திருக்கேன்!" என்று விறைத்துக்கொண்டு உள்ளே வரும், பூ விழுந்தால் வீட்டுக்குப் போகும். கடைசி வாசலில் என் வீட்டுக்காரர் யோகா பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, "படுத்திருக்கியா?" என்பார். விறைத்து நிற்கும் பிள்ளைகளுக்கு அங்கே காசு சுண்டும் வேலையே இல்லை. எல்லோரும் அவுட். பாயசம் அந்தப் பக்கம், பிள்ளைகள் இந்தப் பக்கம்.

அப்போதுதான் நீ வருவாய். கராஜ் ஏணியில் சாய்ந்து ஒற்றைக்காலில் நின்றுகொண்டு நடுவாசலில், "சாஞ்சிருக்கியா?" என்பாய். நிமிர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி புதுசு. மறுபடியும் காசு. ஜெயித்தவர்கள் ஏணி மாதிரி சாய்ந்துகொண்டு, "மறந்துட்டேன்!" என்று கத்த வேண்டும். தான் நிமிர்ந்து நின்றதையே மறந்துவிட்டதாம். சாய்ந்த பிள்ளையிடம் படுத்திருக்கியா என்றால் அதற்குப் பதில் நிச்சயமில்லை, இன்னொரு தடவை காசு. அதில் சிலர் பாயசத்துக்குப் போய்விடுவார்கள். 'மறந்துட்டேன்' என்று அந்தத் தெருவே கேட்கும்படி கத்துவது ஹனாதான். அன்று முதல் பிள்ளைகளுக்கு நீ ஸ்லாண்ட் ஆண்ட்டி, சாய்ந்த ஆண்ட்டி.

"ஃபோட்டான் பொய் சொல்லலை" என்று பாயசக் கிண்ணத்தோடு விளக்குவாய். "அதுக்குன்னு முன்னாடியே ஒரு பதில் இருந்து அதை ஒளிச்சு வைக்கலை. நீ கேட்டதுக்குத்தான் அது பதில் சொல்லுது. வேற மாதிரி கேளு, பழைய பதில் போயிடும்."

எனக்கு இதில் பாதிதான் விளங்கியது. மீதியை ஹனா விளங்க வைத்தாள்.

அவளை ஒரு கோடிங் கேம்ப்பில் சேர்த்திருந்தேன். போகாமல் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. "போனியா இல்லியா?" என்றேன். நோ. "போவியா மாட்டியா?" நோ. சோபாவில் இந்த மூலையில் நான், அந்த மூலையில் அவள். நீ கறிவேப்பிலை கேட்டு வந்தாய். எங்கள் இரண்டு முகத்தையும் பார்த்தாய். நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, "ஹனா, அந்த கேம்ப் ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டாய். இது என்ன கேள்வி என்று எனக்கு எரிச்சல். ஹனா கொஞ்சம் யோசித்தாள். "ஜன்னலே இல்ல, ஆண்ட்டி" என்றாள். பிறகு எல்லாம் வந்தது. ஜன்னல் இல்லாத அறை, அவள் பக்கத்தில் யாரும் உட்காராதது, சாப்பாட்டு நேரத்தில் பாத்ரூமில் போய் நின்றது, அத்தனையும். என் பிள்ளை அதையெல்லாம் எனக்கும் கேட்கும்படி உன்னிடம் சொன்னாள். நீ கறிவேப்பிலையை மறந்துவிட்டுப் போய்விட்டாய்.

உன் லேபுக்கு எங்களைக் கூட்டிப்போனதும் அந்த வருடம்தான். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டு, வெளியே நடுப்பகல் இருக்க உள்ளே இருட்டு. ஒளியை மங்கலாக்கி மங்கலாக்கி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபோட்டான் வரும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தாய். அது வந்து விழுந்தால் டிக் என்று சத்தம் வருகிற மாதிரி ஒரு சின்ன ஸ்பீக்கரையும் மாட்டியிருந்தாய். உலகத்திலேயே மிகச் சின்ன வெளிச்சத்தை நான் காதால் கேட்டேன். டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டிக் டிக். நீ இருட்டில் நின்று ஒவ்வொரு டிக்குக்கும் கல்யாண வீட்டுக்காரி குரலில், "வாங்க... வாங்க... வாங்க" என்றாய். ஹனா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் அந்த இருட்டில் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டே இருந்தீர்கள்.

உன் விளையாட்டைப் பார்த்து உன்னை ஏமாளி என்று நினைத்தவர்களும் உண்டு. எங்கள் வீட்டுப் பெருநாள் விருந்தில் ஒரு அங்கிள் பிரியாணித் தட்டோடு உன்னைப் பிடித்துக்கொண்டார். "நாம பார்க்கிறதாலதான் ஒண்ணு நடக்குதுன்னு உங்க குவாண்டம் ஃபிஸிக்ஸே சொல்லுதாமே. அப்போ டாக்டர்கிட்ட போகாம பாஸிட்டிவ்வா இருந்தா நோயே வராதில்ல?" என்றார்.

நீ சிரிக்கவில்லை. "அங்கிள், உங்க பிளட் ஷுகர் ஃபோட்டான் இல்லை. நீங்க டெஸ்ட் பண்ணாலும் ஏறும், பண்ணாட்டியும் ஏறும். விளையாட்டு வேற, ஏமாத்திக்கிறது வேற" என்றாய். அவர் பிர்னி இனிப்பை எடுக்காமலே போனார். எனக்கு அன்று உன்னை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

நீ அதைப் பேச்சோடு விடவில்லை. வயிற்றுவலிக்கு எடுத்த பயாப்ஸி ரிசல்ட் வந்திருப்பதாக உன் போனில் அறிவிப்பு வந்தபோது நாம் இந்தியன் ஸ்டோர் வாசலில் காரில் இருந்தோம். "டாக்டர் கூப்பிடட்டும், அப்புறம் பார்த்துக்கலாம். வீட்டுக்குப் போய் அவரோட சேர்ந்து பாரு" என்று கெஞ்சினேன். "பார்க்காட்டி மாறிடுமா?" என்று சொல்லித் திறந்தாய். படித்தாய். போனை மூடிப் பையில் போட்டாய். "சரி. வெண்டைக்காய் வாங்கணும்னியே, வா" என்றாய். நான்தான் காரை விட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இத்தனை நேர்மையாக இருந்தவள்தான் நீ. அதனால்தான் மே மாதம் உன் படுக்கைக்குப் பக்கத்தில் நான் கேட்டதை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

உன்னை ஹாஸ்பிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இனி வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்கிற இடம். ஹனாவுக்கு நீ நோயாளி என்று தெரியும், எவ்வளவு தூரம் என்று தெரியாது. அவளுக்கு ஹைஸ்கூல் ஏபி பரீட்சைகள் நடந்துகொண்டிருந்தன. நம்மவர்கள் வீட்டில் பரீட்சை நேரத்தில் யாருக்கும் உடம்பு முடியாமல் போவதில்லை, யாரும் இறப்பதும் இல்லை. எல்லாம் கடைசிப் பேப்பர் முடிந்தபிறகுதான் நடக்கும். அந்த வழக்கத்தை வாய்க்கு வாய் கிண்டல் செய்தவள் நீ. அதனால் நீ ஒத்துக்கொள்வாய் என்று நம்பித்தான், "சாயங்காலம் ஹனாவைக் கூட்டிட்டு வரேன்" என்றேன்.

"வேணாம். பரீட்சை முடியட்டும்."

"அது முடியறதுக்குள்ள..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

"தெரியும்டி."

"குழந்தைங்க தானே பார்த்துத் தெரிஞ்சுக்கணும்னு சொல்றவ நீதானே? இப்போ அவகிட்ட கேக்காம நாமளே முடிவு பண்றதா?"

நீ ஜன்னலைப் பார்த்தாய். மருந்து இறங்குகிற பம்ப் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் என்னைப் பார்த்தாச்சு. நீ பார்த்துட்டே, அவர் பார்த்துட்டார், ஆபீஸ்ல இருந்து வந்து பார்த்துட்டாங்க. பார்த்தவங்க எல்லாருக்கும் நான் நோயாளி ஆயிட்டேன். ஹனா ஒருத்திதான் இன்னும் பார்க்கலை. அவ பார்க்காத வரைக்கும் ஒரு இடத்துலயாவது நான் கராஜ்ல அந்த ஏணியில சாஞ்சுக்கிட்டு நிப்பேன்."

நான் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள். உன் வாக்கியத்தில் இருந்த தப்பு எனக்கு உடனே தெரிந்தது. பிரியாணித் தட்டோடு நின்ற அங்கிளுக்கு நீ சொன்ன பதிலே உனக்கும் பதில். ஆனால் உன் கை போர்வை நுனியைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டிருந்தது. நீ பயந்திருந்தாய். உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. சரி என்றேன்.

"நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாதே. நீ முடிவு பண்ணதாவே இருக்கட்டும். அம்மாங்க மேல வர்ற கோவம் சீக்கிரம் போயிடும்."

போகவில்லையடி. உன் கணக்கில் தப்பு அங்கேதான்.

பிறகு தலையணைக்கு அடியிலிருந்து என் கூலிங் கிளாஸின் அந்த ஒற்றைச் சில்லை எடுத்து நீட்டினாய். "உன்னோடது. ரொம்ப நாளா திருப்பித் தரணும்னு இருந்தேன்" என்றாய். அதற்குமுன் உன்னிடம் அதைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஹனா உனக்கு அனுப்பிய மெசேஜ்களுக்கெல்லாம் ஒரு சாய்ந்த சிரிப்பு முகத்தை மட்டும் பதிலாக அனுப்பினாய். வந்து பார்க்கிறேன் என்று அவள் கேட்டபோது, இன்ஃபெக்ஷன் பயம், விஸிட்டர்களை விடுவதில்லை, பரீட்சை முடிந்ததும் போகலாம் என்று நான் சொன்னேன். உனக்குப் பேச்சுத் தடுமாறிய நாட்களில் மருந்துப் பம்ப்பின் ஒவ்வொரு டிக்குக்கும் உன் உதடு அசைந்தது. நான் குனிந்து கேட்டேன். "வாங்க... வாங்க" என்றுகொண்டிருந்தாய். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் வீட்டுக்காரரிடம்கூட.

அவளுடைய கடைசிப் பரீட்சை அன்று காலையில் நீ போய்விட்டாய். பள்ளிக்கூட வாசலில் கார் வரிசையில் நான் காத்திருந்தேன். ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு, "இப்போ ஆண்ட்டியைப் பார்க்கப் போலாம்ல?" என்றாள். நான் சொன்னேன். "யூ நியூ. உனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள். ஆமாம், நான்தான் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தேன் என்றேன். உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். அன்றிலிருந்துதான் யெஸ், நோ, ஃபைன்.

உன் சாம்பலை உன் வீட்டுக்காரர் காவிரிக்குக் கொண்டுபோனபோதும் அவள் என்னோடு ஏர்போர்ட்டுக்கு வந்தாள். பெட்டியைத் தூக்கினாள், அவரிடம் ஸலாம் சொன்னாள், திரும்பும் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் தொழுகையில் உனக்காக துஆ கேட்கிறேன். முடித்ததும் உன்னைத் திட்டுகிறேன். இரண்டையும் ஒரே பாயில் உட்கார்ந்துதான் செய்கிறேன்.

நேற்று நடந்ததற்கு வருகிறேன். கேஸ் போட்டு முடித்துக் காருக்குள் ஏறினேன். ஹனா சைடு மிரரில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் அழுததையும் பார்த்திருக்கிறாள், தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்ததையும் பார்த்திருக்கிறாள். ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. வண்டியைக் கிளப்பவில்லை. என் வாயில் வழக்கமான கேள்விகள் வரிசையில் நின்றன. கோவமா இருக்கியா, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி, பேசுவியா மாட்டியா. எல்லாவற்றுக்கும் நோ என்றுதான் வரும் என்று எனக்குத் தெரியும்.

"ஹனா, அந்தக் கராஜ் ஏணி என்ன கலர்?" என்று கேட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மஞ்சள்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஒரு படி உடைஞ்சிருக்கும். டக்ட் டேப் போட்டு ஒட்டியிருப்பாங்க" என்றாள். அப்புறம் முகம் கோணிக்கொண்டு வந்தது. மே மாதத்திலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அது. அழுகைக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. "டிட் ஷி நாட் வாண்ட் டு ஸீ மீ?"

நான் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவே இல்லை. என் மேல் உள்ள கோபத்தைத்தான் சுமக்கிறாள் என்று நினைத்திருந்தேன். நீ தன்னைப் பார்க்க விரும்பவில்லையோ என்று என் பிள்ளை இத்தனை நாளும் தனியாக நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். இந்தக் கேள்விக்கு உனக்குக் கொடுத்த வாக்கை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. மீறிவிட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன்.

டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து அந்தச் சில்லை எடுத்து அவள் கையில் வைத்தேன். நீ சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். அவ பார்க்காத வரைக்கும் ஒரு இடத்துலயாவது நான் கராஜ்ல அந்த ஏணியில சாஞ்சுக்கிட்டு நிப்பேன்.

ஹனா சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பட் தட்ஸ் நாட் ஹௌ இட் ஒர்க்ஸ், ம்மா" என்றாள். "ஆண்ட்டிதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. பெரிய திங்ஸ்க்கு அது வராது. மனுஷங்களுக்கு வராது. ஷி நியூ தட்."

"தெரியும்டா. அவளுக்கும் தெரியும்."

"தென் ஒய்?"

"பயம்டா" என்றேன். "அவளுக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. அது ஒண்ணுதான் அவளுக்குக் கிடைச்ச விளையாட்டு."

பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். நாங்கள் பம்ப்பை அடைத்துக்கொண்டு நின்றிருந்தோம். ஹனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிரரைப் பார்த்து, என்னைக் கேட்காமலே சரியாக வண்டியை எடுத்தாள்.

உன் கோட்பாடுகளில் பாதி எனக்கு இன்னும் விளங்கவில்லை. இனி விளக்கவும் ஆள் இல்லை. கேட்பதற்கு முன்னால் கேள்வியைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்கிற பழக்கம் மட்டும் என்னிடம் தங்கியிருக்கிறது. அதுவும் எப்போதும் வருவதில்லை. இன்று காலையில்கூட அவள் ரூம் வாசலில் நின்று எழுந்தியா இல்லியா என்றுதான் கத்தினேன். ஆனால் உன் இடம் காலியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இனி அங்கே நான்தான் போய்ச் சாய்ந்து நிற்க வேண்டும். உன் மேல் இருந்த கோபம் எழுதி முடிக்கும்போது குறைந்திருக்கிறது. நீ இல்லை என்கிற துக்கம் அப்படியே இருக்கிறது. அது குறைய வேண்டும் என்றும் எனக்கு ஆசையில்லை.

நேற்று டோல்வே ஏறுவதற்கு முன்னால் இடதுபக்கம் திரும்ப ஒரு சிக்னல் இருந்தது, சிவப்பு. ஹனா இன்டிகேட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். டிக், டிக், டிக். வண்டிக்குள் வேறு சத்தம் இல்லை. அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்குச் சொல்வதாகவும் இல்லாமல், "வாங்க... வாங்க..." என்று மெதுவாகச் சொன்னாள்.

உன் உதடு கடைசியாகச் சொன்னதும் அதுதான் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, ஒருநாள் சொல்வேன். பச்சை விழும்வரை நானும் அவளோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.